நடுவில் வளையும் கோடு

யானையின் துதிக்கைக்கு நேர் மேலே, காசின் வளையக் கோடு உள்வாங்கி நெளிந்திருந்தது. ஜெயமணி லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் நெருக்கி, காசைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். நெளிவு போகவில்லை.

பழைய மைசூர் அரசின் செப்புக் காசு அது. ஒரு பக்கம் யானை. சுற்றிலும் இரட்டைக் கோடு. இரு கோடுகளுக்கும் நடுவே புள்ளி வரிசை. ஓசூரில் நாணயம் சேர்ப்போர் இருபது பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். அந்த இருபது பேரில் பெண் இவள் ஒருத்திதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக் கண்காட்சியில் எல்லார் சார்பிலும் வைப்பதற்கு இந்தக் காசைத்தான் தேர்ந்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு, இதே சன்னலோரத்தில் இவள் பார்த்தபோது கோடு ஒழுங்காக ஓடியது. அச்சில் அடித்த காசில் கோடு இப்படிக் குழையாது. வார்த்தெடுத்த போலிக் காசில்தான் குழையும். அப்படியானால் யாராவது காசை மாற்றிவிட்டார்களா?

பெட்டியிலிருந்து இன்னொரு யானைக் காசை எடுத்தாள். அதிலும் நெளிவு. மூன்றாவதாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஒன்றை எடுத்தாள். அதில் யானையும் இல்லை, புள்ளியும் இல்லை. நெளிவு மட்டும் இருந்தது. எந்தக் காசை வைத்தாலும், எந்த இடத்தை அவள் உற்றுப் பார்த்தாளோ அந்த இடம் நெளிந்தது.

"அட, சனியனே! லென்ஸ் கெட்டுப்போச்சு" என்றாள் உரக்க. சொன்னதும் உயிர் திரும்பியது.

அவளுக்கு அது இயல்பான முடிவு. ஐம்பத்து நான்கு வயதில் இருபத்தெட்டு ஆண்டுகளை, வேறெங்கும் மாறாமல், ஓசூர்த் தொழிற்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில், கடைசிச் சோதனை மேசையில் கழித்தவள். லாரி பிரேக்கில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சிறு வால்வுகள் அவள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றின் விளிம்பையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் சிவப்புத் தொட்டியில் போடுவாள். நல்லதைத் தன் ஏழாம் எண் முத்திரை குத்தித் தட்டில் அடுக்குவாள். அளவு தவறாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகி என்பது அந்தச் சோதனைக் கூடத்தின் விதி. மானி தேயும், லென்ஸ் கீறும், தராசு சாயும். கருவியை மாற்று, பிறகு பேசு. பார்க்கிற கண்ணைச் சந்தேகிக்கச் சொல்லும் விதி எதுவும் சுவரில் ஒட்டப்படவில்லை.

கிராஃப் தாள் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டாள்.

பாகலூர்ச் சாலையிலிருந்து பிரியும் சந்தில் பாலாஜியின் கருவிக் கடை இருந்தது. பட்டறைக்காரர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் பகல் இரண்டு மணி வரை திறந்திருக்கும். பாலாஜி வீட்டில் தெலுங்கும், கடையில் தமிழும், கர்நாடக எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர்களிடம் கன்னடமும் பேசுவான். மூன்றிலும் வாய் நீளம்.

"வாங்க இன்ஸ்பெக்டரக்கா! இன்னிக்கு யார்மேல கேஸு?"

"உன் லென்ஸுங்கமேலதான். காசு பார்க்கணும். பத்து மடங்குல எத்தனை தினுசு வச்சிருக்கியோ, எல்லாத்தையும் எடுத்துப் போடு."

"பத்து எதுக்குக்கா? இந்தா, முப்பது மடங்கு. எப்படி மின்னுது பாருங்க, வெள்ளிக் கிண்ணமாட்டம்."

"மின்னுறதுதான் குத்தம். அதோட பளபளப்பு காசுமேல விழுந்தா கீறல் எது, மினுக்கம் எதுன்னு தெரியாது. சட்டம் கறுப்பா இருக்கணும். அப்புறம், முப்பதுன்னு எவன் உனக்குச் சொன்னான்?"

"மேலயே எழுதியிருக்கானேக்கா."

"எழுதுறவன் எதை வேணா எழுதுவான்."

கிராஃப் தாளைக் கண்ணாடி மேசைமேல் விரித்தாள். ஒரு கண்ணால் லென்ஸுக்குள்ளும் மறு கண்ணால் வெறுந்தாளிலும் பார்த்து, உள்ளே பெருத்துத் தெரிந்த ஒரு கட்டம் வெளியே எத்தனை கட்டத்தை மூடுகிறது என்று எண்ணினாள்.

"ஒன்பது. பத்துகூட முழுசா இல்ல. நிஜமாவே முப்பதா இருந்தாலும் எனக்கு வேணாம். காசை மூக்குல இடிக்கிற மாதிரி வைக்கணும், வெளிச்சம் உள்ளே போகாது, ஒரு எழுத்துல பாதிதான் தெரியும். முழுக் காசுக்கு அஞ்சு மடங்கு, எழுத்துக்குப் பத்து மடங்கு. அதுக்கு மேல போனா ஊரை விட்டுட்டு ஒரு செங்கல்லைப் பார்க்கிற கதைதான்."

கடையில் காத்திருந்த அத்திப்பள்ளிக்காரர் சிரித்தார். "ஸ்வல்ப இரி சார், பரீட்சை நடக்குது" என்று பாலாஜி அவரிடம் இரு மொழியைக் கலந்து, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கறுப்புச் சட்டம் போட்ட லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்தான்.

ஜெயமணி அதை வலக்கண்ணில் பொருத்தி, இடக்கண்ணை மூடிக்கொண்டு, கிராஃப் தாளின் கோடுகளைப் பார்த்தாள். மலிவான லென்ஸில் கோடு ஓரத்தில் வளையும். நடுவில் நேராக இருக்கும். அது எல்லாருக்கும் தெரிந்த குறை. இதில் ஓரம் நேராக இருந்தது. நடுவில்தான் நான்கைந்து கட்டங்கள், தண்ணீரில் நனைந்து காய்ந்த தாள்போலச் சுருங்கி வளைந்தன.

"வேணாம். அடுத்தது."

அடுத்ததும் நடுவில் வளைந்தது. அதற்கடுத்ததும். நான்காவது, மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது, தோலுறையில் இருந்தது, நகைக்கடைக்காரர்கள் மட்டுமே வாங்குவது. அதை அவன் துணியால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தான். அதிலும் வளைந்தது. இந்த முறை வளைவின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கறையும் இருந்தது.

"எல்லாமே குப்பை! எங்கேர்ந்து வாங்கிட்டு வர்றே?"

பாலாஜிக்குச் சுருக்கென்றது. "அக்கா, இது ஜெர்மன் சரக்கு. இதையுமா கோணல்ங்கறீங்க? குடுங்க இப்படி." வாங்கிப் பார்த்தான். "ரூல் தடி வச்சுப் போட்டாப்பல இருக்குது கோடு. சார், நீங்க பாருங்க, நீங்க பொதுவான ஆளு."

அத்திப்பள்ளிக்காரர் குனிந்து பார்த்தார். "நேரவாகே இதெ" என்றார். நேராகத்தான் இருக்கிறதாம்.

"கேட்டுக்குங்க. கர்நாடகமே சொல்லிடுச்சு. லென்ஸுக்குச் சர்டிபிகேட் இருக்குது. உங்க கண்ணுக்கு இருக்குதாக்கா?"

இருவரும் சிரித்தார்கள். ஜெயமணி சிரிக்கவில்லை. லென்ஸை வாங்கி, முதன்முறையாக அதை இடக்கண்ணில் வைத்தாள்.

கோடுகள் நேராக இருந்தன. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், ஒவ்வொரு கட்டமும் சதுரம். மீண்டும் வலக்கண். சுருங்கிய கட்டங்கள், சாம்பல் கறை. மீண்டும் இடக்கண். சதுரம்.

லென்ஸை மேசைமேல் வைத்தாள்.

"கறுப்புச் சட்டம் போட்டதைக் கட்டிக் குடு" என்றாள். அவள் குரல் அவளுக்கே அடுத்த கடையிலிருந்து வருவதுபோல் கேட்டது. பணத்தை வைத்துவிட்டு, மீதியை வாங்காமலே திரும்பினாள். அதைப் பாலாஜி பார்த்துவிட்டான்.

"அக்கா, தமாசுக்குச் சொன்னேன். மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்கல" என்று படியிறங்கினாள்.

சந்தின் முனையில் நின்று, முந்தானையால் முகம் துடைப்பவள்போல இடக்கண்ணை மறைத்தாள். எதிர்க்கடையின் இரும்புக் கதவுப் பட்டைகள் நடுவில் தொய்ந்தன. மின்கம்பம் இடுப்பில் ஒடிந்தது. பெயர்ப் பலகையில் எந்த எழுத்தை வாசிக்க முயன்றாளோ அந்த எழுத்து அழிந்து, பக்கத்து எழுத்துகள் மட்டும் நின்றன. எதிரே வந்த ஒருவருக்குக் காதுகள் இருந்தன, தலைமயிர் இருந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் இருந்தது. அவள் சட்டென்று கையை எடுத்தாள். உலகம் ஒழுங்காகிவிட்டது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மூடி மறைத்துவிடுகிறது. வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு எதுவும் தெரியாமல் போனது அதனால்தான். லென்ஸ் பிடிக்கும்போது மட்டும் அவள் ஒற்றைக் கண்காரி.

வேலையிலும் ஒற்றைக் கண்காரிதான்.

வெள்ளிக்கிழமை காலையில், மேசை லென்ஸ் மங்கல் என்று சீட்டு எழுதிக் கொடுத்து ஸ்டோரிலிருந்து புதியதை வாங்கியவள் அவளேதான். புதியதும் மங்கலாக இருக்கவே, கூடத்தின் விளக்கைக் குறை சொன்னாள். அதைவிடக் கொடியது ஒன்று இருந்தது. வழக்கமாக நாளொன்றுக்கு இரண்டு மூன்று வால்வுகள் சிவப்புத் தொட்டிக்குப் போகும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தொட்டி காலியாக இருந்தது. "இந்த வாரம் பரவாயில்லையே, ஒழுங்கா வேலை செய்யறீங்க" என்று லேத்தில் வால்வு கடைகிற கடைசல்காரர்களைப் பாராட்டிக்கூடச் சொன்னாள். அந்தத் தட்டுகள் திங்கட்கிழமை காலை ஏழு மணி வண்டியில் எல்லை தாண்டிப் போகும். அங்கே லாரிகளில் பொருத்துவார்கள். தொப்பூர்க் கணவாயில் சுமையோடு இறங்கும் லாரி ஒன்று, மிதித்தும் நிற்காமல் போவது, மூடாத இரண்டு கண்ணிலும் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டில் அவள் கணவர் மாதவன் வானொலியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சாத்தூர்க்காரர், சிறு பட்டறையில் கடைசல் வேலை. அவரை எதிரே உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் வானொலியை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆனா கம்பெனிக்கு இப்ப எதுக்குச் சொல்லணும்ங்கிற?" என்றார்.

"தட்டு போயிடுமுங்க."

"என்னத்தப் போயி... அம்புட்டும் ஓட்டையா இருக்கப் போவுதாக்கும்? இன்னும் நாலு வருசத்துல ரிட்டையரு. கண்ணு போச்சுன்னா உன்னைய அந்த மேசையில வப்பானா? அங்கிட்டு ஒரு மூலையில பெட்டி ஒட்டச் சொல்லுவான். இல்லாட்டி வீட்டுக்குப் போன்னுவான். பதினாலாம் தேதி கம்பெனியில கண்ணுச் சோதனை வருதுல்ல? அந்த எழுத்து அட்டையத்தான் நீ தலைகீழாச் சொல்லுவியே."

உண்மைதான். எட்டு ஆண்டுகளாகச் சோதனை நாளில் அந்த அட்டைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்று எழுத்தைச் சுட்டுகிறவள் அவள்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடைசி வரி வரை ஒப்பிப்பாள். கண் போனது யாருக்கும் தெரியவராது. இந்த எண்ணம் சந்து முனையிலேயே அவளுக்கு வந்துவிட்டது, வந்தபோது இனித்தது. அந்த இனிப்புத்தான் இப்போது அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

"நீங்க கடைசல் போட்டு அனுப்பின சாமான்ல வெடிப்பு இருக்குதுன்னு தெரிஞ்சா சும்மா இருப்பீங்களா?"

மாதவன் திருப்புளியைக் கீழே வைத்தார். "இருக்க மாட்டேன்" என்று முணுமுணுத்தார். "ஆனா பயமா இருக்கு ஜெயா."

"எனக்கு மட்டும் என்னவாம்?"

கைப்பேசியில் கௌதமின் பெயரைத் தேடினாள். சோதனைக் கூடத்துக்கு மேற்பார்வையாளன், இருபத்தேழு வயது, இவளிடம் வேலை கற்று இவளுக்கு மேலே போனவன். மணி அடிக்கும்போதே, எடுக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று அவள் மனம் வேண்டியது. எடுத்துவிட்டான்.

"சொல்லுங்கக்கா, ஞாயித்துக்கிழமையில..."

"கௌதம், நாளைக்குப் போற தட்டுகளை நிறுத்து. சிவப்புச் சீட்டு ஒட்டு."

"ஐயோ, ஏன்க்கா? ஏழு மணிக்கு வண்டி. மேனேஜர் என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவாரு."

"என் வலக்கண்ணு சரியில்ல. நடுவுல தெரியல. நான் முத்திரை குத்தினதை நம்பாதே."

சொல்லியாகிவிட்டது, இனி அதைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியாது.

"எத்தனை நாளா அக்கா?"

"தெரியல."

"தெரியலன்னா... போன வியாழக்கிழமை அனுப்பினதுல மூணு நாள் தட்டு இருக்குதே. திங்கள், செவ்வாய், புதன். அது வாங்கினவங்க குடோன்ல இருக்கும்."

"அதையும் பாரு. அவங்க பிரிக்கிறதுக்குள்ள பாரு."

"காரணம் எழுதணுமே. யார் பேரைப் போடறது?"

"என் பேரைத்தான். ஏழாம் நம்பர்னு எழுதாத. முழுப் பேரையும் எழுது."

திங்கட்கிழமை காலையில், கண் மருத்துவமனையின் நீண்ட பெஞ்சில், கணவன் தோளில் சாய்ந்து ஜெயமணி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் சொட்டுமருந்து விட்டிருந்தார்கள். கூடம் முழுவதும் வெள்ளை மூட்டமாகிவிட்டது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது செருப்பு ஓசையில்தான் தெரிந்தது. படம் எடுத்தாயிற்று. டாக்டர் அருணா என்ற பெண் மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடி பேசியதை அவள் மனம் திரும்பத் திரும்ப ஓட்டியது.

"விழித்திரைக்கு அடியில புது ரத்தக் குழாய் முளைச்சு நீர் கசியுதும்மா. அதனாலதான் கோடு வளையுது. கண்ணுக்குள்ள ஊசி போடணும். எப்போலேர்ந்து இப்படின்னு சொல்ல முடியுமா?"

"தெரியலீங்க."

"யோசிச்சுப் பாருங்க. நாள் கணக்குன்னா பார்வை ஓரளவு திரும்ப வாய்ப்பிருக்கு. மாசக் கணக்குல கசிஞ்சிருந்தா தழும்பாயிடும். இருக்கிறதைக் காப்பாத்தறதோட சரி. படத்துல கொஞ்சம் தெரியும். ஆனா நீங்க சொன்னா எனக்கு இன்னும் உறுதியாயிடும்."

அதைத்தான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமோ? தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லையே, அப்போதா? கறிவேப்பிலைக் காம்பைப் புழு என்று எண்ணி வீசியது எப்போது? ஒவ்வொரு சிறு தடுமாற்றமும் சாட்சி சொல்ல எழுந்து நின்றது. எத்தனை மாதத்து வால்வுகள், எத்தனை லாரிகள் என்று கணக்கு விரிந்துகொண்டே போனது. கண்ணுக்குள் ஏறப்போகும் ஊசியைவிட அது கூர்மையாக இருந்தது.

கைப்பேசி அடித்தது. திரையில் இருந்தது ஒளிப்பிழம்பு மட்டுமே, பெயர் தெரியவில்லை.

"கௌதம்தான்" என்று மாதவன் வாசித்துச் சொல்லி, அவள் காதில் வைத்தார்.

"அக்கா, பேசலாமா? நேத்து மத்தியானத்துலேர்ந்து நானும் நம்ம கூடத்து வினிதாவும் பிரிச்சுப் பார்த்தோம். வியாழன், வெள்ளி, சனி மூணுலயும் சேர்த்து ஆறு கிடைச்சுது."

ஆறு. அவள் மாதவனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"போனது?"

"காலையில நானே குடோனுக்குப் போனேன். இன்னும் பிரிக்கல, புண்ணியம். புதன்கிழமைத் தட்டுல ஒண்ணு இருந்துச்சு. அடுக்குல கடைசி வரிசையில; அப்ப மத்தியானத்துக்கு மேல நீங்க பார்த்தது. செவ்வாய்ல ஒண்ணுமில்ல. திங்கள்லயும் இல்ல."

"சரியாப் பார்த்தீங்களா? ரெண்டு தடவை?"

"மூணு தடவைக்கா. அதுவுமில்லாம உங்க ரிஜிஸ்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நீங்களே மூணு ஒதுக்கியிருக்கீங்க. அதுல ஒண்ணு எனக்கே தெரியல. விளக்கடியில திருப்பித் திருப்பிப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது. புதன் காலையில ஒண்ணு ஒதுக்கியிருக்கீங்க. மத்தியானத்துலேர்ந்து ஒண்ணுகூட இல்ல." அவன் தயங்கினான். "மேனேஜர் உங்களை வரச் சொல்லியிருக்காரு. என்ன சொல்வாருன்னு தெரியல. மேசையில இனிமே... அது கஷ்டம்தான்னு நெனைக்கிறேன்."

"அது எனக்குத் தெரியும். நீ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு. செவ்வாய்க்கிழமை நான் ஒதுக்கினது உனக்கே தெரியல?"

"சத்தியமாத் தெரியலக்கா."

ஜெயமணி எழுந்தாள். மூட்டத்துக்குள் கையை நீட்டிச் சுவரைத் தேடினாள். "எங்க போற, இரு, கூப்பிடுவாங்க" என்று மாதவன் கூடவே எழுந்தார்.

"டாக்டர்கிட்டப் போகணும். கூட்டிட்டுப் போங்க."

"ஊசிக்குப் பேரு கூப்பிடட்டும்."

"அதுக்கு முன்னாடி சொல்லணும்."

அவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வெண்மையாக ஓர் உருவம் நிமிர்ந்தது. மேசையின் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"புதன்கிழமை மத்தியானத்துலேர்ந்துங்க டாக்டர்" என்றாள். "அதுக்கு முந்தி என் கண்ணு நல்லா இருந்துச்சு."